மண்சாடியா, உரப்பையா?

வன்னியில் சிறு முற்றத்தில் மிளகாயோ கத்தரியோ வளர்க்க விரும்புவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது கொள்கலனையே. மண்சாடியின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அதே காரணத்தால், சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் காலையும் மாலையும் நீர் ஊற்றாவிட்டால் செடி வாடிவிடும்.

நன்றாகக் கழுவிய பழைய உரப்பையின் வாயை 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மடித்து, அடியில் துளையிட்டு, மேல்மண்ணுடன் உக்கிய மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்து நிரப்பினால், ஈரம் நீடிப்பதோடு வேரும் ஆழமாக இறங்கும். வெயிலில் பை நைந்துபோவது உண்மையே. மாரியில் நீர் தேங்காதிருக்க அதனைச் செங்கற்களின் மேல் வைக்க வேண்டும்.

கோடையில் கிணறு வற்றும் வீடுகளுக்கு நான் பையையே பரிந்துரைப்பேன். கீரைக்கு மட்டும் அகன்ற மண்சட்டி போதும்.