மொறிஸ் மைனரில் கறள்: வீட்டிலேயே திருத்தி மூன்று மாரி கடந்த பிறகு

சாவகச்சேரியில் இருக்கிற நண்பன் வாங்குவதற்கு ஒரு பழைய மொறிஸ் மைனர் கார் பார்த்து வைத்திருக்கிறான். "மச்சான், கறளை வீட்டிலேயே திருத்தலாம்தானே, நீ செய்தனிதானே?" என்று கேட்டான். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது மைனர் 1000, அப்பா ஓடின கார். 2022 இல் பெட்ரோல் இல்லாமல் மாதக்கணக்கில் மாமரத்தடியில் நின்றது. கியூஆர் முறையில் பெட்ரோல் பங்கிட்டுத் தரத் தொடங்கி மறுபடி எடுத்தபோது இடது முன் மட்காட்டின் பின்பக்கம், கதவுக்குக் கிட்ட, விரலால் அழுத்தவே உள்ளே போனது. மைனரில் சில்லு அடிக்கிற சேறெல்லாம் போய்த் தங்குகிற மூலை அது. எங்கள் வீடு நாவாந்துறைப் பக்கம், உப்புக்காற்று சும்மா விடாது. சுரண்டிப் பார்த்தால் விரல் தடிப்புக்குக் கட்டலோய் (பள்ளம் நிரப்பப் பூசுகிற பசை), அதற்குப் பின்னால் கசக்கி அடைத்த பழைய பேப்பர்! அப்பாவிடம் காசு வாங்கிக்கொண்டு யாரோ செய்த வேலை. குறைந்த காசுக்குக் கட்டலோய் பூசினதைக் கூட விளங்கிக்கொள்ளலாம், பேப்பரை அடைத்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நல்ல காலம், மைனரின் மட்காட் போல்ட்டில்தான் நிற்கிறது. டீசல் விட்டு இரண்டு இரவு ஊறவிட்டுக் கழற்றினேன், ஒரு போல்ட் மட்டும் முறிந்தது. உக்கின இடத்தை வெள்ளைத் தகரம் தெரியும்வரை வெட்டி எறிந்து, மட்டையில் அளவெடுத்து, 20 கேஜ் தகரத்தைத் தென்னங்குற்றியில் வைத்துத் தட்டித் தட்டி வளைத்தேன். அந்த வளைவு சரியாக வந்து பொருந்தின பின்னேரம் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஒட்டுறதுக்கு ரிங்கர் வேலை, அதாவது கார்த் தகரம் திருத்துகிற வேலை செய்கிற அண்ணை ஒருவர் மிக் வெல்டிங் மெஷினோடு வந்தார். ஒரே இழுவையாக ஒட்டினால் சூட்டில் தகரம் நெளிந்துவிடும் என்று அங்கொரு புள்ளி இங்கொரு புள்ளியாக, ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டினார். ஓரங்களில் மிஞ்சின மெல்லிய கறளுக்குப் பொஸ்போரிக் அமிலம் கலந்த மருந்து பூசினேன். செங்கறள் கண்முன்னால் கறுத்து இறுகிப் போனது, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்புறம் பிரைமர், பெயின்ற். மூன்று மாரி போய்விட்டது, அந்த இடத்தில் ஒரு பொட்டுக் கறள் இல்லை.

ஆனால் வலது கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகரப் பெட்டி, சில் என்பார்கள், இருக்கிறதே, அங்கே களைத்துப்போய் வெட்டாமல் விட்டேன். தடித்த கறளுக்கு மேலேயே மருந்தைப் பூசி, மேலே கட்டலோய். அந்த மருந்து மெல்லிய கறளுக்குத்தான், பொருக்கை ஊடுருவிப் போகாது. கட்டலோயும் ஈரத்தை இழுக்கும். ஒவ்வொரு கார்த்திகையும் ஒரு ரூபாய்க் குத்தி அளவுக்குப் பெயின்ற் பொக்குளிக்கும், தையில் சுரண்டிப் பூசுவேன், திரும்ப வரும். கதவைத் திறக்கும்போதெல்லாம் என் கண் முதலில் போவது அங்கேதான். இன்று காலையும் பார்த்தேன், வந்துவிட்டது.

அதனால் நண்பனுக்குச் சொல்வது: அந்தக் காரை வாங்காதே. மைனருக்குத் தனிச் சேஸ் (அடிச்சட்டம்) இல்லை, பாரத்தைத் தாங்குவதில் முக்கியமானது அந்தச் சில்தான், அது உக்கினால் மட்காட் மாதிரிக் கழற்றி வைத்துத் தட்ட முடியாது. எனக்கு இந்த வேலை மாதிரிச் சந்தோசம் தந்தது வேறொன்றும் இல்லை, என்றாலும் வாங்காதே. கேட்க மாட்டாய் என்றால் ஞாயிற்றுக்கிழமை காந்தம் ஒன்றோடு வருகிறேன், கட்டலோயில் அது ஒட்டாது. அதுவரை அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.