முதலுதவிப் பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்

முதலுதவிப் பெட்டி வாங்கப் போகிறவர்களும், ஏற்கெனவே வாங்கித் தோட்டத்திலோ வண்டியிலோ வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெட்டியின் மேல் அச்சடித்த தேதியை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கிற ஒவ்வொரு காஸ் (புண்ணில் வைத்துக் கட்டுகிற வலைத்துணி) உறையிலும் தனித்தனியாகத் தேதி இருக்கும், அதைப் பாருங்கள். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால் கிள்ளிப் பாருங்கள்.

எங்களுக்குக் களக்காடு பக்கம் ஏத்தன் வாழை. ஓணத்துக்கு முன்னால் கேரளாவுக்குத் தார் ஏற்றும் சமயத்தில் தோட்டத்தில் ஆள் நிறைய நிற்கும், அரிவாளும் நிறையப் புழங்கும். நல்லதாக ஒரு பெட்டி இருக்கட்டும் என்று திருநெல்வேலியில் ஒரு கடையில் வாங்கினோம். ஹெல்மெட், கையுறை, கம்பூட் எல்லாம் மொத்தமாக விற்கிற கடை. கண்ணாடித்தாள் சுற்றிய பெட்டி, மேலே புதுத் தேதி. பிரித்துக் காட்டச் சொன்னதற்கு, "பிரிச்சா நீங்கதான் எடுத்துக்கணும்" என்றார்கள்.

தார் வெட்டும்போது அரிவாள் வழுக்கி சித்தப்பாவின் இடது கையில் பெருவிரலுக்குக் கீழே இறங்கிவிட்டது. தண்ணீரில் கழுவி, துண்டை வைத்து அழுத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். தையல் போட்டு, டி.டி. ஊசியும் போட்டார்கள். வீட்டிலேயே கட்டு மாற்றலாம், ஸ்டெரைல் காஸ், அதாவது கிருமி நீக்கிய காஸ்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். காஸ்தான் பெட்டி நிறைய இருக்கிறதே என்று சித்தி அதிலிருந்தே எடுத்துக் கட்டி வந்தார்.

தையல் பிரிக்கிற நாள் வருவதற்குள் கை வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. நர்ஸம்மா கட்டைப் பிரித்தபோது காஸ் நூல் நூலாகப் புண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "இத எங்க வாங்குனீய? மிச்சம் இருக்கத எடுத்துட்டு வாங்க" என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தோம். இந்த உறைகள் ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பிளாஸ்டிக். நல்ல உறையாக இருந்தால் இரண்டையும் பிடித்து இழுக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். இதுவோ கை பட்டதுமே மூலையில் வாய் பிளந்தது. உள்ளே துணியின் ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. வெள்ளை ஸ்டிக்கரில் 2027 என்று இருந்தது. உரித்தால் அடியில் மார்ச் 2023. சில உறைகளில் ஸ்டிக்கர்கூட இல்லை. தேதியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தார்கள், சாய்த்துப் பிடித்தால் எண்ணின் தடம் மட்டும் தெரிந்தது.

சீழ் வைத்ததற்கு அந்தக் காஸ்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. அரிவாள் அழுக்கு, மண், வாழைக்கறை, எதுவாகவும் இருக்கலாம் என்றார். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பச்சைப் புண்ணில் வைக்கத் தகுதியில்லாததைத் தெரிந்தே தேதி மாற்றி எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தார் வெட்டு முடியும்வரை சித்தப்பாவால் கையை மடக்க முடியவில்லை.

உறைகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"பஞ்சும் துணியும் கெட்டா போகும் தம்பி? இது என்ன மாத்திரையா?"

"கெடாதுன்னா தேதிக்கு மேல எதுக்கு அண்ணாச்சி ஸ்டிக்கர் ஒட்டுனீய?"

அதற்குப் பதில் இல்லை. மொத்த வியாபாரி அனுப்பியது, எங்களுக்குத் தெரியாது என்றார். அப்புறம் பில்லின் அடியில் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று இருந்ததைக் காட்டினார்.

துணி கெடாது என்று நம்மில் பலரும் நினைப்பதால் இதை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பருத்தித் துணி பல வருஷம் அப்படியே இருக்கும்தான். ஆனால் அந்தக் காஸை உறைக்குள் வைத்து ஒட்டிய பிறகுதான் எத்திலீன் ஆக்சைடு வாயுவாலோ கதிர்வீச்சாலோ கிருமி நீக்குகிறார்கள். அதற்கப்புறம் கிருமி உள்ளே போகாமல் காப்பது அந்த உறை மட்டும்தான். வருஷக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டால் ஒட்டு விட்டுப்போகும், காகிதம் மடிப்பில் விரியும். தயாரித்தவர் அந்தத் தேதி வரைக்கும்தான் உறைக்குப் பொறுப்பு. தேதி முடியாவிட்டாலும் உறை கிழிந்தோ நனைந்தோ இருந்தால் அது ஸ்டெரைல் கிடையாது. தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமிலும் வேன் டேஷ்போர்டிலும் சித்திரை வெயிலில் கிடக்கிற பெட்டிகளை அடிக்கடி பார்க்க வேண்டும். பிளாஸ்டரின் பசை காய்ந்துபோகும், களிம்பும் கெட்டுவிடும்.

உறையில் மணல் கடிகாரம் மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும். அதன் பக்கத்தில் இருப்பதுதான் கடைசித் தேதி. தொழிற்சாலை மாதிரிப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது தயாரித்த தேதி. கடைக்காரர்கள் இந்த இரண்டையும் குழப்பியும் விற்பார்கள்.

ரத்தம் கொட்டுகிறது, கையில் இருப்பது தேதி முடிந்த காஸ்தான் என்றால் தயங்கவே வேண்டாம். அதையோ, துவைத்த துண்டையோ வைத்து நன்றாக அழுத்திப் பிடியுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் ரத்தத்தை நிறுத்துவதுதான் முக்கியம். காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். அதே காஸைத் தையல் போட்ட புண்ணிலும் தீக்காயத்திலும் நாள்கணக்கில் கட்டி வைப்பதுதான் கூடாது.

எனக்கு இதில் பெரிய கவலை, மொத்தமாக வாங்குகிற இடங்கள்தான். தொழிற்சாலைகளில் முதலுதவிப் பெட்டி வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பள்ளி வேன்களிலும் பெட்டி இருக்க வேண்டும். பல இடங்களில் ஆய்வுக்குக் காட்டுவதற்காக வாங்கி மாட்டிவிட்டு, திறந்தே பார்ப்பதில்லை. இந்த மாதிரிச் சரக்கு போய்ச் சேர வசதியான இடம் அது. பிள்ளைகளை வேனில் அனுப்புகிறவர்கள் டிரைவரிடம் ஒருமுறை பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

'வாபஸ் இல்லை' என்று பில்லில் அடித்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு வர வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக முறை. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் கட்டணம் கிடையாது. தேதி திருத்தியதைப் பற்றி மருந்து ஆய்வாளர் அலுவலகத்திலும் எழுதிக் கொடுக்கலாம். உறைகளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஸ்டிக்கரைப் பாதி உரித்த நிலையில் போட்டோ எடுத்து வையுங்கள்.

நாங்கள் பில்லையும் உறைகளையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம். என்ன நடந்தாலும் இங்கேயே எழுதுகிறேன். திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் சமீபத்தில் இப்படிப் பெட்டி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.