ஃப்ரம்: மூன்று சீசன்களுக்குப் பிறகு முடிச்சு எந்தப் பக்கம் அவிழும்?

ஃப்ரம் (From) என்ற திகில் தொடரின் மூன்று சீசன்கள், சீசனுக்குப் பத்து அத்தியாயங்கள் என்று முப்பதையும் பினாங்கு ஜெலுத்தோங் வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்து முடித்த பிறகு இதை எழுதுகிறேன். மூன்றாம் சீசனின் கடைசிக் காட்சி வரை பேச வேண்டியிருப்பதால், இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

2022 இல் தொடங்கிய இந்த அமெரிக்கத் தொடரின் கதைக்களம் எளிமையானது. நடுச்சாலையில் ஒரு மரம் விழுந்து கிடக்கும், அதைச் சுற்றிக் காகங்கள் கூடியிருக்கும். அதைக் கண்டு வண்டியைத் திருப்புகிறவர்கள் எந்தப் பக்கம் ஓட்டினாலும் ஒரே சிற்றூருக்குத்தான் வந்து சேர்வார்கள். இருட்டியதும் காட்டிலிருந்து மனித உருவில் சில பிறவிகள் சிரித்த முகத்தோடு நிதானமாக நடந்து வரும். வீட்டுக்குள் தாயத்துக் கல் தொங்கி, கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தால் உயிர் தப்பலாம். முதல் அத்தியாயத்திலேயே, மூதாட்டி வடிவில் ஒன்று ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கும் சிறுமியைத் திறக்கச் சொல்லிக் கொஞ்சுகிறது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, "ராத்திரியில பேர் சொல்லிக் கூப்பிட்டா மூணாவது தடவைதான் ஏன்னு கேக்கணும்னு எங்கம்மா சும்மாவா சொன்னாங்க?" என்றார். பிறை நகருக்குப் பக்கத்துப் பால்மரத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவருக்கு இந்த ஊரின் சட்டதிட்டங்களை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனிக் கதை எங்கே போகிறது என்ற கேள்வி. எனக்கிருந்த முதல் ஐயம், எழுதுகிறவர்களுக்கே விடை தெரியுமா என்பதுதான். ஊரின் ஷெரிஃப் பாய்டாக நடிக்கும் ஹெரால்ட் பெரினோ, 2004 முதல் 2010 வரை ஒளிபரப்பான லாஸ்ட் தொடரிலும் நடித்தவர். இங்கே இயக்கத்திலும் தயாரிப்பிலும் பங்குள்ள ஜாக் பெண்டர், அந்தத் தொடரின் இயக்குநர்களில் ஒருவர். அதன் முடிவில் மனம் ஆறாதவர்கள் இன்றும் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். ஆனால் ஃப்ரம் விஷயத்தில் என் ஐயத்தைப் பெருமளவு தீர்த்தது ஒரே ஒரு வசனம். முதல் சீசனின் முடிவில், குடும்பத்தோடு அங்கே சிக்கிய ஜிம் பாடுபட்டு எழுப்பிய வானொலிக் கோபுரத்தின் வழியே முகமற்ற குரலொன்று, உன் மனைவி அந்தக் குழியைத் தோண்டிக்கொண்டிருக்கக் கூடாது என்கிற பொருளில் அவரைப் பெயர் சொல்லி எச்சரிக்கிறது. மூன்றாம் சீசனின் முடிவில் மஞ்சள் உடை மனிதன் நேரிலேயே வந்து ஏறக்குறைய அதே சொற்களைச் சொல்லி ஜிம்மின் தொண்டையைக் கிழிக்கிறான். இருபது அத்தியாயங்கள் ஒரு குரலை உருவமின்றிக் காக்க வைத்தவர்கள் வழி தெரியாமல் நடக்கிறார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஊரில் சிக்கியிருக்கும் ஜேடும் ஜிம்மின் மனைவி டபிதாவும் முற்பிறவியில் அதே ஊரில் இருந்தவர்கள், பலி கொடுக்கப்பட்ட ஒரு குழந்தையின் பெற்றோர், காப்பாற்ற முயன்று தோற்றுத் தோற்று மீண்டும் பிறந்தவர்கள் என்பது மூன்றாம் சீசன் பெரிய அதிர்ச்சியாக எடுத்து வைக்கும் செய்தி. பூர்வஜென்ம வாசனை கேட்டு வளர்ந்த நமக்கு அது அவ்வளவு பெரிய அதிர்ச்சி அல்ல. இரண்டாம் சீசனின் பாதியிலேயே அம்மா, "இந்தப் பொண்ணு முன்னாடி இங்க இருந்தவதானே" என்று சொல்லிவிட்டார். சாகாவரத்துக்காகப் பெற்றவர்களே பிள்ளைகளைப் பலியிட்டார்கள் என்ற பகுதிதான் அவரை உலுக்கியது. 1985 இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் கட்டுமானம் நடந்த நாள்களில், தூணுக்குப் பிள்ளைத் தலை கேட்கிறார்கள் என்ற பேச்சு பரவி, தோட்டத்துப் பிள்ளைகள் அந்தி சாயும் முன்பே வீட்டுக்குள் அடங்கிவிடுவார்களாம். அன்றைக்கு யாரும் பெற்றவர்களைச் சந்தேகிக்கவில்லை என்றார்.

ஆகவே வெளியேறும் சாலையைத் தேடுவது வீண் என்றும், அந்தக் குழந்தைகளுக்கு விடுதலை கிடைக்கும்போதுதான் ஊரின் கட்டு அவிழும் என்றும் கணிக்கிறேன். இரண்டாம் சீசனின் இறுதியில் கலங்கரை விளக்கத்திலிருந்து தள்ளப்பட்ட டபிதா மேய்ன் மாநிலத்து மருத்துவமனையில் கண் விழித்தும், மூன்றாம் சீசனில் அதே ஊருக்கே திரும்பியது, வெளியே போவது மட்டும் விடையல்ல என்பதற்குப் போதுமான சான்று.

ஜிம்மின் மகள் ஜூலியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவள் கதைக்குள் முன்னும் பின்னும் நடக்க வல்லவள். முன்பு பாய்ட் சிக்கியிருந்த பாதாளத்தில் கயிறு எறிந்தது அவள்தான் என்று பின்னால் தெரிகிறது. அதாவது அவள் எதையும் மாற்றவில்லை, நடந்து முடிந்ததையே நடத்தி வைத்தாள். அந்த இலக்கணத்தின்படி, தந்தையை எச்சரிக்க அவள் ஓடி வந்ததும் அந்த மரணத்தின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும். நான்காம் சீசனில் ஜிம்மை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தால், பாய்டின் கண்ணெதிரே கொல்லப்பட்ட, ஊர் உணவகத்தை நடத்திய டியான்சென்னின் சாவு உட்பட எந்தச் சாவுக்கும் எடையில்லாமல் போகும்.

குறைகளும் உண்டு. ஒருவர் கண்டதை இன்னொருவரிடம் சொல்லாமல் மறைப்பதாலேயே பாதிச் சிக்கல் வளர்கிறது. இரண்டாம் சீசனின் நடுப்பகுதி இழுவை. பேருந்தில் வந்து சிக்கிய இளைஞன் எல்ஜின் சம்பந்தப்பட்ட காட்சிகளில் நான் இரண்டு முறை தேநீர் போட எழுந்து போனேன்.

யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று பாய்ட் காட்டுக்குள் கண்டெடுத்த அந்தத் தாயத்துக் கற்கள். குறி செதுக்கிய கை எது என்று முப்பது அத்தியாயங்களிலும் விடை இல்லை. கெடுக்கும் சக்திக்கு மஞ்சள் உடை கொடுத்து முன்னால் நிறுத்தியாயிற்று; காக்கும் சக்தி இன்னும் முகம் காட்டவில்லை. சிலர் கண்ணுக்கு மட்டும் தோன்றும் வெள்ளை உடைச் சிறுவனிலிருந்து அந்த நூலைப் பிடிக்கலாம் என்பது என் எண்ணம். அம்மா அதை ஏற்கவில்லை. "சின்னப் பையன் தாயத்து மந்திரிப்பானா? இதுக்கு ஒரு கிழவி இருப்பா பாரு" என்று சொல்லிவிட்டு, ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.