டாபர்மேன் நாயின் காது: நிமிர்ந்து நிற்க வெட்டுவதா, தொங்கலாக அப்படியே விடுவதா?

வெட்டுவதென்றால் குட்டிக்கு 8 முதல் 12 வாரம் இருக்கும்போது முழு மயக்க மருந்து கொடுத்து, காது மடலின் ஒரு பகுதியை அறுத்து விளிம்பைத் தைப்பார்கள். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். செலவும் சிரமமும் அதோடு முடிவதில்லை. காது தானாக நிமிராது. உள்ளே தாங்கு வைத்து டேப் சுற்றி, சில நாட்களுக்கு ஒருமுறை பிரித்து மாற்ற வேண்டும். இது பல வாரம், சிலவற்றுக்குப் பல மாதம் நீளும். டேப் நனைந்தால் தோல் புண்ணாகிச் சீழ் வைக்கும். தழும்பு சுருங்கினால் காது கோணிக்கொள்ளும்; ஒரு காது நின்று மற்றது சாய்வதும் உண்டு. குட்டி மனிதர்களோடும் மற்ற நாய்களோடும் பழகவேண்டிய வயதும் இதுதான். அப்போது போய் தலையைத் தொட்டாலே வலி என்று பழக்குவானேன்?

தொங்கு காதுக்கு வேலை குறைவு. வாரம் ஒருமுறை மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். நாற்றம், பழுப்பு அழுக்கு, ஓயாத சொறிதல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். குளிப்பாட்டியபின் உட்புறத்தை உலர்த்துங்கள், பட்ஸ் வேண்டாம்.

வெட்டினால் காதில் தொற்று வராது என்பதற்குச் சான்றில்லை. பெரும்பாலும் ஒவ்வாமைதான் அடிப்படைக் காரணம். தொங்கு காதோடு அடிக்கடி காதுநோய் காணும் காக்கர் ஸ்பானியல் இன நாய்க்கு யாரும் காது வெட்டுவதில்லையே!

இங்கிலாந்தில் அழகுக்காகக் காது வெட்டுவது குற்றம். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்கக் கென்னல் கிளப்பின் நாய்க் கண்காட்சிகளில் இரு வகைக் காதும் செல்லும்.