ஸ்கீ நாட்டீக் 200, ஜி23: ஒரே கம்பெனி, நேரெதிர் அலை

ஃப்ளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ அருகே 1925-இல் தொடங்கிய கரெக்ட் கிராஃப்ட் கம்பெனியின் இழுவைப் படகுகள், அதாவது நீர்ச்சறுக்கு ஆட்களைக் கயிற்றில் இழுத்துச் செல்லும் படகுகள், நாட்டீக் என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் இரண்டு இந்த மதிப்புரையில்: மிதவைகளை வளைந்து சுற்றிச் சறுக்கும் ஸ்லாலம் ஆட்களுக்கான ஸ்கீ நாட்டீக் 200, படகு கிளப்பும் அலையிலிருந்து பலகையோடு துள்ளும் வேக்போர்டு ஆட்களுக்கான சூப்பர் ஏர் நாட்டீக் ஜி23. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டும் அதனதன் வேலையில் முதல் தரம். ஒன்றை வாங்கி இரண்டு வேலையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்கள்தான் ஏமாறுவார்கள். எவ்வளவு பெரிய எஞ்சின் வைத்தாலும் அதைச் சரிக்கட்ட முடியாது, ஏனென்றால் விஷயம் ஹல்லில், அதாவது படகின் அடிப்பாகத்தின் வடிவத்தில் இருக்கிறது.

படகு ஓடும்போது தண்ணீரில் ஒரு பள்ளம் விழுகிறது. அதை நிரப்பப் பக்கங்களிலிருந்தும் அடியிலிருந்தும் பாயும் தண்ணீர் மோதி எழுவதுதான் வேக். எடை கூடினால் பள்ளம் ஆழமாகும். வேகம் குறைந்து ஹல் தாழ்ந்தாலும் அப்படித்தான். ஸ்லாலம் ஆளுக்கு இந்த அலை ஒரு தொல்லை, வேக்போர்டு ஆளுக்கோ அதுதான் ஏவுதளம்.

ஸ்கீ நாட்டீக் 200 இந்தத் தொல்லையைக் குறைக்கச் செய்யப்பட்டது. எடை ஜி23-இல் கிட்டத்தட்டப் பாதிதான். எஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்திருப்பதால் பின்பக்கம் அமிழ்வதில்லை. ஹல்லின் பின்பகுதி அகலமாக, ஏறத்தாழத் தட்டையாக இருப்பதால் எடை பரந்த பரப்பில் விழுகிறது. 58 கி.மீ. வேகத்தில் பள்ளம் ஆழமில்லாமல் நீண்டுவிடும். விளைவு, தாழ்வான, மென்மையான அலை. கயிறு கட்டும் பைலன் படகின் எடைமையத்துக்கு அருகில் இருக்கிறது, அடியில் வரிசையாகத் துடுப்புத் தகடுகளும் உண்டு. நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி நிற்கும் மிதவையைச் சுற்றிவிட்டு வீரர் முழு பலத்தோடு இழுக்கும்போது படகு பக்கவாட்டில் நகராமல் இருப்பது இவற்றால்தான்.

குறை இல்லாமலில்லை. டெஸ்ட் டிரைவில் விற்பவர் பெரும்பாலும் 12 மீட்டர் கயிறு, 58 கி.மீ. என்று காட்டுவார். அந்த நீளத்தில் எந்த நல்ல ஸ்கீ படகும் அழகாகத்தான் தெரியும், ஏனென்றால் ஆள் படகை ஒட்டியே, அலை முழுதாக எழும்புவதற்கு முன்பே கடந்துவிடுகிறார். 16 மீட்டர், 14.25 மீட்டர் கயிறுகளில்தான் நடுவில் எழும் மேடு காலுக்குக் கீழே வரும். வேகம் 55-ஆகக் குறைந்தால் மேடு இன்னும் தெரியும், 45-இல் பழகும் சிறுவர்களுக்கு நன்றாகவே முட்டும். ஆகவே 16 மீட்டர் கயிறு, 50 கி.மீ., முழு டேங்க், ஓட்டுநரோடு இன்னும் இரண்டு பேர் என்று கேட்டுப் பாருங்கள். கயிற்றை 11.25 மீட்டருக்கும் கீழே குறைத்து ஆடுகிறவர்கள் எதிர்காற்றில் ஒருமுறை ஓடிப் பார்க்க வேண்டும். பக்கவிளிம்பிலிருந்து தெறிக்கும் நீர் முகத்தில் அடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

ஜி23 இதைத் தலைகீழாக்குகிறது. 23 அடி நீளம், எட்டரை அடி அகலம், வெறும் படகே சுமார் 2,700 கிலோ. அதற்கு மேல் எடை கூட்டுவதற்கென்றே கம்பெனி பொருத்திய பலாஸ்ட் தொட்டிகளில் சுமார் 1,300 கிலோ தண்ணீர் ஏற்றலாம். எஞ்சின் பின்கோடியில் இருக்கிறது. வி-டிரைவ் கியர்பாக்ஸ் வழியாக ஷாஃப்ட் முன்னே போய்த் திரும்பி வருகிறது. 35 முதல் 38 கி.மீ. வேகத்தில், 21 முதல் 24 மீட்டர் கயிற்றில், உயரமான, உச்சி கெட்டியான அலை கிடைக்கும். அளவு தப்பினால் இந்த அலை கெடுவதும் சுலபம்.

உச்சியில் வெள்ளை நுரை பொங்கினால் முதலில் வேகத்தை 1 கி.மீ. கூட்டுங்கள். போகவில்லையென்றால் கயிற்றை ஒரு மீட்டர் குறையுங்கள். ஒரு பக்கம் மட்டும் நுரைத்தால் படகு சாய்ந்திருக்கிறது என்று பொருள், நுரைக்கும் பக்கத்துக்கு ஓர் ஆளை நகர்த்தினால் போதும். பின்தொட்டிகளை மட்டும் நிரப்புவது பலரும் செய்கிற தப்பு. அலை செங்குத்தாகி, சரிவு குறுகி, உதைக்கும். முன்தொட்டியையும் நிரப்பினால் சரிவு நீண்டு, ஏறுவதற்கு நேரம் கிடைக்கும். தொட்டி காலியான பிறகும் பம்பை ஓடவிட்டால் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) உள்ள பம்ப் சீக்கிரம் கருகிவிடும்.

கயிற்றை விட்டுவிட்டு அலைமேலேயே சறுக்கும் வேக்சர்ஃபிங்குக்கு 16 முதல் 19 கி.மீ. போதும். பின்பக்கத் தகடு ஒரு பக்கத் தண்ணீர் மூடுவதைத் தாமதப்படுத்த, எதிர்ப்பக்க அலை சுத்தமாக எழும். அதனால் ஒரு பக்கமாக எடையைக் குவித்துச் சாய்க்கும் பழைய வித்தை தேவையில்லை. ஆனால் இந்த அலையை எங்கே கிளப்புவது என்பதையும் விலையோடு சேர்த்து யோசிக்க வேண்டும். வெர்மாண்ட் மாநில ஏரிகளில் 2024-இல் வந்த விதிப்படி, இப்படிப் பெரிய அலை கிளப்பும் வேக்போட் விளையாட்டு கரையிலிருந்து 500 அடி தள்ளி, 20 அடி ஆழத்தில், அப்படிப்பட்ட இடம் தொடர்ச்சியாக 50 ஏக்கராவது இருந்தால்தான். சின்ன ஏரி ஓரத்தில் வீடு வைத்திருப்பவருக்கு ஜி23 கொட்டகையில்தான் நிற்கும்.

ஜி23-யைத் தொட்டி காலியாக 58-இல் ஓட்டி ஸ்லாலம் ஆடலாமா? ஓடும். படகின் சொந்த எடை அப்படியே இருப்பதால் மேடும் இருக்கும், தொடர்ந்து கடந்தால் முழங்கால் புகார் சொல்லும். ஸ்கீ நாட்டீக்கில் மூட்டை மூட்டையாகத் தண்ணீர்ப் பை ஏற்றி வேக்போர்டு ஆடுவதும் அப்படித்தான். அலை கொஞ்சம் வளரும், ஆனால் தாழ்வான பக்கச்சுவர் மீது தண்ணீர் உள்ளே வரும்.

பழைய படகு வாங்குகிறவர்கள் அதை டிரெய்லரிலிருந்து பட்டைகளில் தூக்கச் சொல்லி, ஹல்லின் கடைசி ஒன்றரை மீட்டரில் நேரான இரும்புச் சட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். டிரெய்லரின் தாங்குகட்டை பின்விளிம்புவரை எட்டாமல் வருடக்கணக்கில் நின்ற படகில் அந்த இடம் கீழ்நோக்கி வளைந்திருக்கும். அப்படிப்பட்ட ஹல் பின்பக்கத்தைத் தூக்கி முன்பக்கத்தை அழுத்தும். அலை மாறும், ஓட்டமும் தடுமாறும். துடுப்புத் தகடுகள் நேராக இருக்கின்றனவா, புரொப்பல்லர் விளிம்பில் கீறல் உண்டா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.