சிவபுரி முதல் ரிஷிகேஷ் வரை: கங்கையில் ராஃப்டிங்

கொடுத்த காசுக்கு வஞ்சனையில்லாத சவாரி. சுமார் 16 கி.மீ. தூரத்தில் ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று பெயரிட்ட ரேப்பிட்கள்தான் (ஆறு சீறிப் பாயும் இடங்கள்) ஆளை உலுக்குபவை. மற்றவை சட்டையை நனைப்பதோடு சரி.

கரையில் தரும் விளக்கத்தை வைத்து நிறுவனத்தை எடைபோடுங்கள். அவசரமாக முடித்துப் படகில் ஏற்றினால் வேறு ஆளைப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்தால் முகவாய்வரை ஏறக் கூடாது. ஏறினால் பட்டை தளர்வு. துடுப்பின் மேல்முனைப் பிடியிலிருந்து கையை எடுக்காதீர்கள், பக்கத்து ஆளின் பல்லைப் பதம்பார்ப்பது அதுதான். விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். எழுந்து நின்றால் பாதம் பாறையிடுக்கில் மாட்டும், தண்ணீர் ஆளை அமுக்கிவிடும்.

மே மாத வெயிலிலும் பனியுருகிய தண்ணீர் சில்லென்றிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் சவாரி கிடையாது. வீடியோவுக்குத் தனிக் கட்டணமா? தண்டம்.