எல்.எச்.ஏ.பி.டி.எஃப். 6: பார்ட்டான் பரவல்களுக்கு நம்பலாம், பிழைக்கணக்கில் கவனம் தேவை

பார்ட்டான் பரவல் என்பது புரோட்டானின் உந்தத்தை அதற்குள் உள்ள குவார்க்குகளும் குளுவான்களும் எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன என்பதைச் சொல்லும் சார்பு; அந்தப் பரவல்களைப் படித்துத் தரும் நிரலகமே எல்.எச்.ஏ.பி.டி.எஃப். புரோட்டான் மோதல் கணிப்பில் வலுவிசை சார்ந்த பிழை எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க இந்த நிரலகம் இன்றியமையாதது. பழைய 5ஆம் பதிப்பு ஃபோர்ட்ரான். இந்த 6ஆம் பதிப்பு சி பிளஸ் பிளஸ், பைத்தானிலிருந்தும் அழைக்கலாம். நினைவகத்தையும் குறைவாகவே தின்கிறது.

பெரிய வசதி, பிழைக்கணக்கை அதுவே போட்டுத் தருவது. சிடி18 என்ற பரவல் தொகுப்பின் 58 பிழை உறுப்பினர்கள் (பிழையை அளக்க மையப் பரவலிலிருந்து சற்று மாற்றிய பரவல்கள்) 90 சதவீத நம்பிக்கை மட்டத்தில் இருக்கின்றன. கையால் கணக்கிட்டு 1.645ஆல் வகுக்க மறந்தால் பிழைப்பட்டை வீணாக அகலும். 'அன்சர்டன்டி' செயற்கூறு 68 சதவீதத்துக்குத் தானே மாற்றிவிடும். ஒவ்வோர் உறுப்பினருக்கும் கணக்கிட்டுக் கொடுக்கும் பட்டியலில் முதல் எண் மைய உறுப்பினருடையதாக (எண் 0) இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேரம் குறைவென்றால் பல குழுக்களின் பரவல்களை இணைத்த பி.டி.எஃப்.4எல்.எச்.சி.21இன் 40 உறுப்பினர் தொகுப்பே போதும்.

குறைகளும் உண்டு. பரவலைச் சேமித்துள்ள எண் கட்டத்துக்கு வெளியே உள்ள எக்ஸ் (பார்ட்டான் சுமக்கும் உந்தப் பங்கு), கியூ (மோதலின் ஆற்றல் அளவு) மதிப்புகளைக் கொடுத்தாலும் சத்தமில்லாமல் நீட்டிக் கணித்து ஏதோ ஓர் எண்ணைத் தரும். தொகுப்போடு வரும் தகவல் கோப்பிலுள்ள எல்லைகளை முதலில் பாருங்கள். திரும்பி வருவது பரவல் அல்ல, எக்ஸால் பெருக்கிய பரவல். கியூவையும் அதன் வர்க்கத்தையும் குழப்பினால் எச்சரிக்கை வராது. வலுவிசை இணைப்பு மாறிலியை (வலுவிசையின் வலிமையைக் குறிக்கும் எண்) வெளியிலிருந்து எடுக்காமல் அதே தொகுப்பிலிருந்தே எடுங்கள். இல்லையேல் பரவலும் இணைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

கணிப்பில் நாம் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் அளவுகோல்களால் வரும் பிழை இதன் வேலையல்ல. மறுஇயல்பாக்க, காரணியாக்க அளவுகோல்களை 2 மடங்கும் பாதியுமாக மாற்றி, எதிரெதிர் ஓரங்கள் (ஒன்று 2 மடங்கு, மற்றது பாதி) இரண்டையும் விட்டு, ஏழு புள்ளிகளில் தனியாகத்தான் ஓட்ட வேண்டும்.